குச்சி படாத மூக்கு

தகரத்தைக் கதவில் சாத்தி, முதல் ஆணியையும் வைத்துவிட்டார்கள்.

சேலையூர் அடுக்குமாடிக் குடியிருப்பில் கார் நிறுத்துகிற மூலையில் ஒரு சின்ன அறை. அதில்தான் வாட்ச்மேன் குப்புராஜும் அவன் மனைவி கனகவல்லியும் குடியிருந்தார்கள். அன்றைய கொரோனா தொற்றுப் பட்டியலில் குப்புராஜ் பெயர் வந்திருந்தது.

"என் மூக்குல யாரும் குச்சியே வுடலண்ணா," என்றான் குப்புராஜ்.

"எல்லாரும் இதைத்தான்பா சொல்றாங்க," என்றார் சுகாதாரப் பணியாளர் எலியேசர்.

மூன்றாம் மாடி பட்டாபிராமன், அசோசியேஷன் செயலாளர், முகக்கவசத்தைத் தாடைக்கு மாட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றார்.

"அந்தக் கிருமி நம்ம செல்லுக்குள்ள பூந்து, ஒண்ணு பத்தாகி, பத்து லட்சமாகும். இவங்களுக்கு எங்க புரியப்போகுது? ஆணியை அடிங்க சார்."

"எங்க ரூம்ல மூணாவது ஆளு படுக்கவே எடமில்ல. லட்சம் எங்க சார் படுக்கும்?" என்றாள் கனகவல்லி.

பேச்சு திமிராக வந்ததே தவிர, உள்ளே கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். மாடியில் நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறாள். தகரம் அடித்தால் பதினாலு நாள் வேலை போச்சு. அப்புறமும் எவர் வீட்டுக்குள் விடுவார்கள்?

"அதோட, ரெண்டு நாள்ல ரூமைக் காலி பண்ணிடுங்க," என்றார் பட்டாபிராமன்.

"தகரம் அடிச்சிட்டா எப்டி சார் காலி பண்றது? ஜன்னல் கம்பி வழியாவா?"

எலியேசருடன் வந்தவர் பிளீச்சிங் பவுடரை வாரி வாசலில் இறைத்தார். எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்னால் போனார்கள். பட்டாபிராமன் மட்டும் அசையவில்லை. பொறுப்பான மனுஷர், நாற்றத்தையெல்லாம் பார்ப்பாரா?

"அந்தப் பேப்பர்ல இன்னாதான் எழுதிக்கீதுண்ணா?" கனகவல்லி விடவில்லை.

எலியேசர் படித்தார். "குப்புராஜ், வாட்ச்மேன் ரூம். வயசு அறுபத்தொண்ணு. சுகர் இருக்கு."

"எனக்கு நாப்பத்திரண்டுண்ணா," என்றான் குப்புராஜ்.

"சுகரா? டீக்கு நாலு ஸ்பூன் சக்கரை கேக்கற ஆளுண்ணா இது."

"எழுதினவன் தப்பா எழுதியிருப்பான். இதுக்குப் போய் ஏன் டைம் வேஸ்ட் பண்றீங்க?" என்றார் பட்டாபிராமன்.

எலியேசர் சுத்தியலைக் கீழே வைத்தார். "டெஸ்ட் எடுக்கும்போது குடுத்த நம்பர் இதுல இருக்கு. ஒரு தடவை அடிச்சிப் பாத்துடறேன்."

ஸ்பீக்கரில் போட்டார். முதலில் யாரோ லொக் லொக்கென்று இருமினார்கள். பிறகு ஓர் அம்மா, கையைக் கழுவு, தள்ளி நில் என்று நிதானமாக அறிவுரை சொன்னாள். அவள் முடிக்கட்டும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். பட்டாபிராமன் மட்டும் லிஃப்ட் பக்கம் நகர்ந்தார்.

மணி அடித்தது. பட்டாபிராமனின் சட்டைப் பையில்.

"எடுங்க சார்," என்றாள் கனகவல்லி. "எங்க வூட்டுக்காரருக்குத்தான் போன் வந்துகீது."