உதடு படாத கூஜா

எதிரிப் படை ஓடிப்போன மூன்றாம் நாள் மத்தியானம், கடல் தாண்டி வந்த பட்டாளத்தில் முதல் ஆளாக அந்த மலையூருக்குள் நுழைந்தவன் சடையாண்டி. தாகத்தில் நாக்கு அண்ணத்தோடு ஒட்டிக் கிடந்தது. கிணற்றைச் சுற்றி ஊரே நின்றது, ஒருவரும் குடிக்கவில்லை. அவன் இறைத்து, அங்கிருந்த கூஜாவில் ஊற்றித் தூக்கியதும் எல்லோரும் கையை ஆட்டிக் கத்தினார்கள். பாஷை புரியாவிட்டால் என்ன, சொந்த ஊர்க் கிணற்றடியில் பிறந்ததிலிருந்து கேட்ட கத்தல்தானே.

"எச்சில் படாது சாமி" என்று கூஜாவை இன்னும் ஒரு சாண் உயர்த்தி, அண்ணாந்து மடமடவென்று குடித்தான்.

அந்தப் பாஷை அரைகுறையாய்த் தெரிந்த கூட்டாளி ஆரோக்கியம் ஓடிவந்தான். "அடப்பாவி! ஓடுனவனுங்க கிணத்துல விஷம் கலந்துட்டுப் போயிருக்கானுங்களாம்டா!"

"அப்படியா? சாவுறதுக்குள்ள ஒரு பீடி குடு."

மூன்று நாளாய்ச் சொட்டுத் தண்ணீர் குடிக்காத ஊர், அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. நாலு பீடி தீர்ந்தும் சாவு வரவில்லை. விஷத்தை முறிக்கும் வித்தை அண்ணாந்து குடிப்பதில்தான் இருக்கிறது என்று ஊர் முடிவுகட்டியது. பாதிரியார் முதல் சலவைக்காரி வரை வரிசையில் நின்று, அவன் குடித்த அதே கூஜாவைத் தூக்கி, மூக்கிலும் சட்டையிலும் கொட்டிக்கொண்டு, புரையேறிச் சிரித்துக் குடித்தார்கள்.

கடைசியில் கூஜாவுக்குச் சொந்தக்காரி அதை நிரப்பி எடுத்துவந்தாள். அவன் கையை முத்தமிட்டு, விளிம்பை அவன் உதட்டோடு சேர்த்துப் பிடித்தாள்.

அப்போதுதான் சடையாண்டிக்குப் புரையேறியது.