கிராணியின் லேசர்

“லைட்டைப் போட்டுக் கண்ணைப் பொசுக்கப் போறியா?”

தேயிலைக் கொழுந்து நிறுக்கும் இடத்தில், எல்லார் முன்னாலும் கேட்டுச் சிரித்தார் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி ராதாகிருஷ்ணன்.

“எனக்கும் இனிப்பு நீர் வியாதிதான். எனக்கும் கண்ணுலதான் கோளாறு. நான் லைட்டுக்குப் போனேனா? சிங்கப்பூருல லேசர் வெச்சுக்கிட்டேன்லா!”

வேலாயி கூடையோடு கூசி நின்றாள். கண்ணுக்குள்ளே புது ரத்தக் குழாய்கள் முளைச்சிருக்கு, அது வெடிக்கிறதுக்குள்ள வந்து லைட்டு வெளிச்சம் வெச்சு அடைச்சுக்கோ என்று கீழே டவுன் டாக்டர் தேதி கொடுத்திருந்தார்.

“லைட்டு முரட்டு வேலை. கண்ணுக்குப் பின்னால ஊசி போடுவான். லேசர்னா தொட்டதே தெரியாது. இங்கயும் வரும், பொறு.”

துரையோடு இங்கிலீஷில் பேசுகிறவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். வேலாயி பொறுத்தாள். தேதி போனது.

அடுத்த மாதம் மலைச்சரிவில் கொழுந்து கிள்ளும்போது, இடது கண்ணில் சிவப்பாக ஏதோ நூலாம்படை போல இறங்கியது. பொழுது சாய்வதற்குள் அந்தக் கண் இருட்டு.

புருஷன் கருப்பையா அவளைக் காய்கறி லோரியில் ஏற்றிக் கீழே கொண்டுபோனான்.

“லேசர் வரட்டும்னு இருந்துட்டேன் டாக்டர்.”

“லேசர் நயமானதுதாம்மா. வலி கம்மி, ஓரப் பார்வையும் அவ்வளவா குறையாது. ஆனா ரெண்டும் செய்யற வேலை ஒண்ணுதான். அன்னிக்கே வந்திருந்தா இந்த லைட்டே போதும்.”

இடது கண் போனது போனதுதான். வலது கண்ணுக்கு வெளிச்சம் வைத்தார்கள். அது தப்பியது.

ஞாயிற்றுக்கிழமை, லயத்து வீடுகளில் எல்லாரும் பிரிஞ்சாங் சந்தைக்குப் போயிருந்த நேரம். சுவரைத் தடவிக்கொண்டே வேலாயி வாசலில் வந்து நின்றார் கிராணி.

“வேலாயி, பக்கத்துல யாரும் இருக்காங்களா?”

“இல்லீங்கய்யா.”

“அந்த ஊசி... ரொம்ப வலிச்சுதா?”

“கொஞ்சந்தான். ஏன், உங்க லேசருக்கு ஊசி இல்லியா?”

கிராணி செருமினார். “மச்சான்தான் பேர் குடுத்தான். சிங்கப்பூருல அந்த லேசர் நாற்காலியைப் பார்த்ததும், வெச்சுக்காமலே ஓடி வந்துட்டேன். இப்ப துரை மூஞ்சியே தெரியல. அடுத்த தடவை போறப்ப என்னையும் கூட்டிட்டுப் போயேன். யாருக்கும் தெரிய வேணாம்.”

கையிலிருந்த சொம்பை அவர்மேல் எறியலாமா என்றிருந்தது வேலாயிக்கு. மெதுவாகக் கீழே வைத்தாள்.

“கூட்டிட்டுப் போறேன். ஆனா நாளைக்குத் தராசுகிட்ட, எல்லாரும் இருக்கிறப்ப வந்து கேளுங்கய்யா. உங்க லேசரை நம்பி, என்கூடக் கொழுந்து கிள்ளுற இராசம்மாவும் இதே கண்ணுக் கோளாறோட ஆஸ்பத்திரிக்குப் போகாம உக்காந்திருக்கா.”