தலைமுழுகிய வீடு

எழுதுவதற்குச் சொந்த வாழ்க்கையைத் தோண்ட வேண்டுமாம். என் மகன் இளம்பரிதிக்கு எழுத்துப் பட்டறையில் சொல்லிக்கொடுத்த மகா ஞானம்.

வேறு சாதிக்காரனோடு ஓடிய மகளை நான் தலைமுழுகியபோதே, இப்போதைய வழக்கப்படி ஆஸ்பத்திரியில் கருவி வைத்து வீட்டார் நினைவிலிருந்தும் அவளை அழித்தாயிற்று. குடும்பத் தலைவன் என்பதால் என் நினைவை மட்டும் விட்டுவைத்தார்கள். இனி எதைத் தோண்டுவான்?

இன்று கதையை எங்களுக்கு வாசித்தான். அதில் கற்பனையாக ஓர் அக்கா, முறுக்கின் நடுச்சுழியை உடைத்துத் தம்பிக்கு ஊட்டுகிறாள்.

என் மனைவி கண்ணைத் துடைத்தாள். "பாவம், அந்தப் பொண்ணுக்கு ஒரு பேரு வைடா."

"வரமாட்டேங்குதும்மா. நாக்கு நுனியிலயே நிக்குது."

"ஓடுகாலிக்குப் பேரு ஒரு கேடா?" என்றேன்.

மகன் தாளிலிருந்து நிமிர்ந்தான். "அவ ஓடிப்போனதா நான் எழுதவே இல்லையேப்பா?"