எட்டும் ஒரே பாட்டு

"போனை உள்ளே வைங்கம்மா. இது மூணாவது தடவை."

தட்டுக்காரர் குரலை உயர்த்தவில்லை. ஆனாலும் உட்கார்ந்திருந்த பன்னிரண்டு பேரும் திரும்பி அந்தப் பெண்ணைப் பார்த்தார்கள்.

இசைத்தட்டுகள் விற்கிற கடை அது; அதனால்தான் கடைக்காரருக்குத் தட்டுக்காரர் என்று பேர். ஞாயிறு மதியம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, ஒரே ஒரு ஆல்பத்தை முதலிலிருந்து கடைசிவரை ஓடவிடுவார். பேசக்கூடாது, போன் கூடாது, நடுவில் எழுந்து போகக்கூடாது. யார் வேண்டுமானாலும் வரலாம்.

அன்றைக்கு ஓடியது, ஒரு ராக் குழுவில் கீபோர்டு வாசித்தவர் தனியாகப் போட்ட ஆல்பம். எட்டுப் பாட்டு. ஒன்று எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்றே தெரியாது. வந்து ஆறு மாதமாகியும் வாங்க ஆளில்லை. 'நீளம் ஜாஸ்தி, பாடுற வரி கம்மி' என்று ஒதுக்கிவிட்டார்கள். தட்டுக்காரருக்கு அதில் ஆற்றாமை. இன்றைக்காவது பத்துப் பேர் ஒழுங்காகக் கேட்கட்டும் என்றுதான் போட்டார்.

இந்த அம்மாவோ வந்ததிலிருந்து தலை நிமிரவில்லை. இரண்டு கட்டைவிரலும் போனில் ஓடிக்கொண்டே இருந்தன.

நாலாவது பாட்டில் தட்டுக்காரருக்குப் பொறுமை போய்விட்டது. எழுந்து வந்து கையை நீட்டினார்.

"குடுங்க. முடிஞ்சதும் தர்றேன்."

"கொஞ்சம் அவசியம்ங்க..."

"அவசியம்னா வெளியே போய்ப் பாருங்க."

"வெளியே போனா பாட்டு கேட்காதே."

இது என்ன பதில் என்று தோன்றியது. ஆனாலும் நீட்டிய கையை அவர் மடக்கவில்லை. அவள் கொடுத்துவிட்டாள். போன் மேஜை டிராயருக்குள் போனது.

நாலாவது முடிந்ததும் தட்டை மறுபக்கம் திருப்பிப் போட்டார். இருபத்து மூன்று நிமிஷம் யாரும் அசையவில்லை. பின்வரிசையில் இருந்த பஸ் டிரைவர் மட்டும் மூக்கை உறிஞ்சினார்.

போனைத் திருப்பிக் கொடுக்கும்போது தட்டுக்காரரால் சும்மா இருக்க முடியவில்லை.

"தப்பா நினைக்காதீங்கம்மா. எட்டும் ஒரே பாட்டு. ஒருத்தர் ராத்தூக்கம் கெட்டுக் கோத்திருக்கார். நாம அரைக் காது குடுத்தா அது அவருக்குச் செய்யற அவமரியாதை இல்லையா?"

அவள் போனுக்காகக் கையை நீட்டினாள். போன் அவர் கையிலேயே விழித்துக்கொண்டது. படிக்கக்கூடாதுதான். கண்ணில் பட்டுவிட்டது.

'நாலாவதோட ஏன் நிறுத்திட்ட? எல்லாரும் எழுந்து போயிட்டாங்களா?'

"யாரும்மா இது?"

"வீட்டுக்காரர். காது சுத்தமா கேட்காது. எந்த இடத்துல என்ன வருது, கேக்கறவங்க முகம் எப்படி இருக்குன்னு விடாம எழுதி அனுப்பச் சொன்னார்."

"சொல்லியிருக்கலாமேம்மா... காது நல்லா இருந்தப்போ இவரோட ரசிகரா?"

"ரசிகர் இல்லைங்க." அவள் கல்லாப்பக்கம் கிடந்த தட்டின் அட்டையைக் காட்டினாள். "அதுல பேர் இருக்கே, அவர்தான். வாசிச்சு முடிச்சார். எட்டையும் ஒண்ணாச் சேர்க்கறதுக்குள்ள காது போயிடுச்சு. குறிப்பு எழுதிக் குடுத்தார், வேற ஒருத்தர் சேர்த்தார். முழுசா அவர் ஒரு தடவைகூடக் கேட்டதில்ல."

வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தவர்கள் காதிலும் அது விழுந்தது. பஸ் டிரைவர் முதல் ஆளாகத் திரும்பி வந்து உட்கார்ந்தார். மற்றவர்களும் ஒவ்வொருவராக வந்தார்கள்.

தட்டுக்காரர் தட்டைத் துடைத்தார்.

"விட்ட இடத்துலேர்ந்து போட்டாப் போதுங்க" என்றாள் அவள்.

"அது எப்படிம்மா முடியும்?" என்று முதல் பக்கத்தைத் திருப்பி, முள்ளை அதன் விளிம்பில் வைத்தவர், போனை அவள் கையில் கொடுத்தார்.

"யாரும் எழுந்து போகலைன்னு முதல்ல எழுதுங்க."