வளைக்குள் வந்த கை

அறுவடை முடிந்த வயலின் வரப்பை மண்வெட்டி பிளந்தது. வளைக்குள் ஒரு கை நுழைந்து, குட்டி போட்டிருந்த எலி சேர்த்து வைத்த நெற்கதிர்களை அள்ளியது. தாய் எலி தன் குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்விவந்து, புல்லுக்குள் பதுங்கியிருந்த ஆண் எலியிடம் சேர்த்தது.

"வருசா வருசம் வர்றவங்கதானே. நிலமில்லாத சனம், பாவம்" என்றது ஆண் எலி.

"கண்ணைத் தொறந்து பாருய்யா. அது வயலுக்குச் சொந்தக்காரி தையல்நாயகி."

ஆண் எலிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "உளறாதே! இவ நெல்லு லாரி கொள்ளாமப் போனதை நான் பாத்தேனே!"

"போச்சு. அவ வீட்டுக்கா போச்சு? உரம் கடன் கொடுத்தவன் களத்துலேர்ந்தே ஏத்திட்டுப் போயிட்டான்."

தையல்நாயகி கதிர்களை மண் உதறி முந்தானையில் முடிந்தாள். யாராவது பார்க்கிறார்களா என்று நாலு பக்கமும் பார்த்தாள்.

"அதையெல்லாம் நம்பாதே. புள்ளைங்களத் தூக்கு" என்றது ஆண் எலி. "இவ வீட்டுக்கே குடி போயிடுவோம். விவசாயி வீட்டுல எலிக்குப் பஞ்சமா?"

ஒரு குட்டியைக் கவ்வித் தூக்கிய ஆண் எலி, அவளைப் பார்த்ததும் அப்படியே நின்றது.

வீடு போய்ச் சேரும்வரை பொறுக்க முடியாமல், தையல்நாயகி வரப்பிலேயே குந்தி, நெல்லை ஒவ்வொன்றாகப் பல்லால் உமி உரித்துத் தின்றுகொண்டிருந்தாள்.