சிங்கங்களின் நடுவே ஒரு ஜீப்

கோமதி பாளையங்கோட்டையில் கணினித் திரை முன் உட்கார்ந்துகொண்டு, ஆப்பிரிக்காவில் போட்ஸ்வானா காட்டில் ஓட்டுநர் இல்லாத சஃபாரி ஜீப்பை இணையம் வழியே ஓட்டுகிறாள். குரல்மாற்றி வழியே பயணிகளுக்குக் கேட்பதென்னவோ ஓர் உள்ளூர் ஆணின் ஆங்கிலக் குரல்தான். அதனால், ஓட்டுபவனுக்குப் புரியாதென்ற தைரியத்தில், இன்றைய பயணி புது மனைவியிடம் தமிழில் அளந்துகொண்டிருந்தான்.

“மொதல்ல கட்டுனவ இருக்காளே, தெருமுனைக்குப் போகவே பயந்து சாவா.”

அந்த முதல் மனைவிதான் கோமதி. தினமும் அவளை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு வேலைக்குப் போனவன் அவன்.

மரத்தடியில் சிங்கங்கள் படுத்திருந்தன. திறந்த ஜீப்பை அவற்றின் நடுவே கொண்டுபோய் நிறுத்தி எஞ்சினை அணைத்தாள். ஒரு பெண்சிங்கம் எழுந்து வந்து அவன் பக்கத்து டயரை முகர்ந்தது. வண்டியை எடுக்கச் சொல்லி அவன் ஆங்கிலத்தில் கெஞ்சினான்.

கோமதி குரல்மாற்றியை நிறுத்தினாள்.

“எந்திரிக்காதீங்க அத்தான். அசையாம உக்காந்திருந்தா அதுக ஒண்ணும் செய்யாது. நீ பயப்படாத தங்கச்சி.”

“கோமதி... நீயா?”

“நாந்தான். இந்த வண்டிக்குக் கதவும் கெடையாது, பூட்டும் கெடையாது. ஆனா எறங்க முடியாதுல்லா?”

அவள் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

“அப்படியே இருங்க. தெருமுனைக்குப் போய் ஒரு டீ குடிச்சிட்டு வாரேன்.”