கார்ட்டருக்காக ஒரு வாதாட்டம்

ஹம்மிலிருந்து வுப்பர்டால் போகும் ரயிலில் காலை வெயில் எல்லாருடைய மடியிலும் கிடக்கிறது. ஜன்னலோர இருக்கையில் சூசைதாசன் கண்ணை மூடிக்கொண்டு ஜெர்மனில் முணுமுணுக்கிறார். இன்று குடியுரிமைக்கான மொழிச் சோதனை. மனதுக்குப் பிடித்த ஒருவரின் வாழ்க்கையை ஜெர்மனில் சொல்லவேண்டும்; அவர் தெரிந்தெடுத்திருப்பது முன்னாள் அமெரிக்க ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டரை. போன முறை வாயடைத்துப்போய்த் திரும்பியவர். இப்போதும், கார்ட்டர் நிலக்கடலை பயிரிட்டார் என்பதோடு நாக்கு நின்றுவிடுகிறது. “இஞ்சாருங்கோ, உன்னா ஸ்டேசனும் தாண்டியாச்சு. அந்த மனுசன் இன்னும் கச்சான் தோட்டத்தாலை வெளிக்கிடேல்லை” என்கிறார் மனைவி பேர்பெச்சுவா, மடியில் வழிச் சாப்பாட்டுக்குப் பொரித்த ரோல்ஸ் பெட்டியோடு. “சும்மா இரும். நீர் பாத்துக்கொண்டிருந்தா எனக்கு ஏலாது.” பக்கத்திலிருக்கும் ஜெர்மன் கிழவர் பத்திரிகையைத் தாழ்த்துகிறார். “கார்ட்டரா? ஒரே பதவிக்காலத்தோடு தேர்தலில் தோற்றுப்போனவர்தானே?” என்று தன் மொழியில் கேட்கிறார். சூசைதாசனின் காது சிவக்கிறது. ஜெர்மன் மடை திறந்து கொட்டுகிறது. தோற்றால் என்ன? அதற்குப் பிறகுதானே சுத்தியல் தூக்கி ஏழைகளுக்கு வீடு கட்டினார்! தொண்ணூறு வயதிலும் ஞாயிறுதோறும் வேதாகமம் படிப்பித்தார்! நோபல் பரிசைச் சும்மாவா கொடுத்தார்கள்? முஷ்டி முழங்காலில் ஆணி அடிக்கிறது. கிழவர் சிரித்தபடி இரண்டு கையையும் தூக்கிச் சரணடைகிறார். பேர்பெச்சுவா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்துகிறார். “ஏன் இப்ப பல்லைக் காட்டுறீர்?” “ஒண்டுமில்லையப்பா. இவ்வளவும் நீங்கள் ஜெர்மனிலதான் கதைச்சனீங்கள். சோதினை வைக்கிற மனுசனையும் கார்ட்டர் தோத்தவர் எண்டு ஒருக்காச் சொல்லச் சொல்லட்டோ?”